ஆலிவ் மரத்து முடிச்சுக்குள் ஒரு கூட்டுக் குடித்தனம்



பாடப் புத்தகத்தில் நோய்க்கிருமி என்றால் ஒரு பெயர், ஒரு படம், ஒரு நோய் என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆலிவ் மரத்தின் முடிச்சு நோயைப் பற்றி நூலகத்தில் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. நம்ம மல்லிகையும் ஆலிவும் ஒரே தாவரக் குடும்பம் என்பதே எனக்குப் புதுச் செய்திதான்.

நோய் என்ன?

ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் போன்ற மத்தியதரைக்கடல் நாடுகளில் ஆலிவ் எண்ணெய்தான் பல விவசாயக் குடும்பங்களுக்குச் சோறு. அந்த மரங்களின் கிளைகளில் கழலை மாதிரி சொரசொரப்பான முடிச்சுகள் வரும். சில மில்லிமீட்டரில் தொடங்கி சில சென்டிமீட்டர் வரை வளரும். முடிச்சுக்கு மேலே உள்ள சிறு கிளைகள் இலை உதிர்ந்து காய்ந்துவிடும். மரம் முழுசாகச் சாவது அபூர்வம். ஆனால் விளைச்சல் குறையும்.

சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். இதற்குக் காரணம் பாக்டீரியா என்று 1880-களில் காட்டியவர் இத்தாலியரான லூயிஜி சவஸ்தானோ. 1908-ல் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் அந்தக் கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார். இன்று அதன் பெயர் சூடோமோனாஸ் சவஸ்தானாய். நமக்குத் தெரிந்த அரளிச் செடியைத் தாக்கும் இனப்பிரிவும் இதில் உண்டு.

முடிச்சு எப்படி உருவாகிறது?

இந்தக் கிருமியால் நல்ல பட்டையைத் துளைக்க முடியாது. காயம் வேண்டும். இலை உதிர்ந்த தழும்பு, ஆலங்கட்டி மழை அடித்த இடம், உறைபனியில் வெடித்த பட்டை, காய் பறிக்கத் தடியால் அடித்த கிளை, கவாத்துக் கத்தி பட்ட இடம் எல்லாமே அதற்கு வாசல்தான்.

உள்ளே போனதும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் ஆரம்பமாகிறது. கச்சாப்பொருள் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். முதல் என்சைம் அதை இன்டோல் அசிட்டமைடாக மாற்றும். இரண்டாவது என்சைம் அதை இன்டோல் அசிட்டிக் அமிலமாக மாற்றும். இதுதான் ஆக்ஸின், அதாவது செடியே தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்துகிற ஹார்மோன். கூடவே சைட்டோகைனினையும் கிருமி தயாரிக்கிறது. 'வளரு, பிரி' என்ற பொய்க் கட்டளையை நம்பி மரத்தின் செல்கள் கண்டபடி பெருகுகின்றன. மரமே தன் செலவில் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அக்ரோபாக்டீரியம் என்ற வேறொரு கிருமியும் செடிகளில் கழலை உண்டாக்கும். அது தன் ஜீனையே செடியின் செல்லுக்குள் செருகிவிடுவதால், கிருமி போன பின்னும் கழலை வளரும். ஆலிவ் முடிச்சு அப்படியல்ல. கிருமி உள்ளே உயிரோடு இருந்து ஹார்மோன் தயாரித்துக்கொண்டே இருந்தால்தான் முடிச்சு வளரும்.

உள்ளே யார் யார்?

முடிச்சை வெட்டிச் சோதித்தபோது சவஸ்தானாய் மட்டும் அங்கே இல்லை. பான்டோயியா அக்ளோமெரன்ஸ் இருந்தது. 2004-ல் பெயர் சூட்டப்பட்ட எர்வினியா டொலட்டானாவும் இருந்தது. இவை தாமாக முடிச்சு உண்டாக்குபவை அல்ல. அப்படியானால் சும்மா குடியிருக்கின்றனவா?

இல்லை. பாக்டீரியாக்கள் சிறு ரசாயன மூலக்கூறுகளை வெளியிட்டு, 'நாம் எத்தனை பேர் இருக்கிறோம்' என்று கணக்கெடுக்கும். இதற்குக் கோரம் சென்சிங் என்று பெயர். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மூன்று இனங்களும் ஒரே வகை மூலக்கூறைப் பயன்படுத்துவது தெரிந்தது. சமிக்ஞை தயாரிக்க முடியாதபடி மாற்றப்பட்ட சவஸ்தானாய் பலவீனமாக இருந்தது. பக்கத்தில் மற்ற இரண்டில் ஒன்று இருந்தால் அதன் சமிக்ஞையைக் கேட்டே சமாளித்துக்கொண்டது. எர்வினியாவும் சேர்ந்தபோது நோய் இன்னும் கடுமையானது. தனி மரம் தோப்பாகாது என்பது கிருமிக்கும் பொருந்தும் போல!

என்னதான் வழி?

வந்த முடிச்சைக் குணப்படுத்த மருந்து இல்லை. செம்பு கலந்த மருந்தைத் தெளித்தால் காயத்தின் மேற்பரப்பைக் காக்கலாம். முடிச்சுக்குள் ஒளிந்திருப்பதை அது தொடாது. மழை பெய்தால் முடிச்சின் வெடிப்புகள் வழியே கிருமி வெளியே கசிந்து அடுத்த காயத்துக்குப் போகும். அதனால்தான் வறண்ட நாளில் கவாத்து செய்ய வேண்டும், கத்தியைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும், நோயுள்ள மரத்தைக் கடைசியில் வெட்ட வேண்டும் என்கிறார்கள்.

என் அப்பா மரம் கழிக்கிற வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்ல ஆரம்பித்தபோது, ஆக்ஸின், என்சைம் என்று என் வாயில் வந்ததெல்லாம் பெயர்கள்தான். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி முதலிலிருந்து, பெயர் எதுவும் இல்லாமல் சொன்னேன். முடித்ததும், "அப்போ நோவு மரத்துல பட்ட அருவாள நல்ல மரத்துல போட்டா, நாமளே கொண்டுபோய்க் குடுத்த மாதிரிதானேடா?" என்றார்.

ஆமாம்ப்பா, அதேதான். நான் நாலு பக்கம் குறிப்பெடுத்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பெயரை மனப்பாடம் செய்வது பரீட்சைக்கு உதவும். ஆனால் பெயர் இல்லாமல் சொல்ல முடிந்த அன்றுதான் எனக்கே அந்தப் பாடம் புரிந்தது. நீங்களும் உங்கள் பாடத்தில் ஒன்றை எடுத்து, வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள் நண்பர்களே.