கொம்பன் சுறா

உருவத்தைக் கண்டு எவரையும் இகழ்தல் ஆகாது என்பர் பெரியோர். இவ்வறிவுரை மனிதருக்கு மட்டுமன்று, கடலில் வாழும் ஒரு மீனுக்கும் பொருந்தும். அதுவே சுத்தியல் தலைச் சுறா. நம் மீனவர்கள் இதனைக் கொம்பன் சுறா என்று அழைக்கின்றனர்.

இதன் தலை இருபுறமும் நீண்டு சுத்தியலைப் போலிருக்கும். கண்கள் அதன் இரு நுனிகளிலும் அமைந்துள்ளன. இவ்வளவு விலகிய கண்களால் எதிரில் இருப்பதைக் காண இயலுமா? 2009 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. இரு கண்களின் பார்வையும் முன்புறத்தில் ஒன்று சேர்வதால், இரை இருக்கும் தொலைவை இச்சுறா நன்கு அறிகிறதாம்.

தலையின் அடிப்புறத்தில் நுண்ணிய துளைகள் பல உண்டு. சுறாக்களுக்குரிய இத்துளைகளை 1678 ஆம் ஆண்டிலேயே இத்தாலியரான லாரன்சினி விவரித்துள்ளார். பிற உயிர்களின் உடலில் உண்டாகும் மிக மெல்லிய மின்சாரத்தை இவை உணர்கின்றன. ஆகவே மணலுக்குள் மறைந்து கிடக்கும் திருக்கை மீனும் தப்ப முடியாது! இவ்வினத்துள் மிகப் பெரியது 6 மீட்டர் வரை வளரும். அது திருக்கையைத் தன் தலையாலேயே தரையில் அழுத்திப் பிடித்து உண்ணும்.

இவை முட்டையிடுவதில்லை, குட்டிகளையே ஈனுகின்றன. ஒருவகைக் கொம்பன் சுறாக்கள் கோகோஸ் தீவு, கலாபகசுத் தீவுகள் ஆகியவற்றின் அருகே பகலில் நூற்றுக்கணக்கில் கூட்டமாக நீந்தும். இரவில் பிரிந்து இரை தேடச் செல்லும்.

தோழியரே, இரை தேட உதவும் அதே தலைதான் இன்று இவற்றுக்கு எமனாகவும் இருக்கிறது. அகன்ற தலை வலைக்கண்களில் எளிதில் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய சுறா விரைவில் மாண்டும் போகிறது. கூட்டமாக வாழ்வதால் ஒரே வலையில் பல அகப்படுகின்றன. துடுப்புகளுக்காகவும் இவை வேட்டையாடப்படுகின்றன. பெண் சுறா குட்டி ஈனும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் ஆவதால், இழப்பை ஈடு செய்வது எளிதன்று. 2013 ஆம் ஆண்டு பாங்காக் மாநாட்டில் மூவகைக் கொம்பன் சுறாக்களின் பன்னாட்டு வணிகத்திற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. எனினும் 2019 இல் இவற்றுள் இருவகை, அழிவின் விளிம்பில் உள்ளவை என்று அறிவிக்கப்பட்டன.

கொம்பன் சுறா மனிதரைத் தாக்குவது மிக அரிது. மனிதரால் அது மடிவதோ அன்றாட நிகழ்ச்சி. கரையோரத்து ஆழமற்ற நீரில்தான் இவை குட்டி ஈனுகின்றன. அவ்விடங்களில் அப்பருவத்தில் மட்டுமாவது வலை வீசாதிருந்தால், குட்டிகள் பிழைத்து வளர வழி பிறக்கும். அஞ்ச வேண்டியது யார், யாரைக் கண்டு என்று நாம் சிந்திப்போமாக!