ஜேர்மனிக்கு ஒரு கிழமை: முதலில் தேர் நாளைப் பார்

தங்கச்சி, ஜேர்மனிக்குப் போகப்போகிறேன் என்று நீ வாய் திறந்ததும் வெள்ளவத்தையில் பாதிப்பேர் உனக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். "ஒரு கிழமை இருக்குதானே, அப்பிடியே பாரிசையும் சுவிசையும் ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வா" என்பது அதில் முதலாவதாக இருக்கும். அந்தக் கதையைக் காதில் போடாதே. ஒரு கிழமையில் மூன்று நாடு என்றால் நீ பார்க்கப்போவது மூன்று நாட்டு ரயில் நிலையங்களைத்தான்.

சொந்தக்காரர் கதையும் அதே மாதிரித்தான். மச்சாள் டோர்ட்முண்டில், சித்தப்பா ஸ்டுட்காட்டில், கூடப்படித்தவள் ஹம்பேர்க்கில். போனில் கேட்டால் எல்லாரும் "பக்கத்திலைதான்" என்பார்கள். டோர்ட்முண்டிலிருந்து ஸ்டுட்காட் நானூறு கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மத்தியானச் சாப்பாடு என்று ஒத்துக்கொண்டாயோ, உன் விடுமுறை முழுக்க நெடுஞ்சாலையில் போய்விடும். அதனால் நான் சொல்வது இதுதான்: சொந்தங்களைத் தேடி அலையாதே, சொந்தங்கள் வந்து கூடுகிற இடத்தில் போய் நில். அந்த இடம் ஹம்.

ஹம், ஜேர்மனியின் மேற்கே நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில் இருக்கிற ஓர் ஊர். எண்பதுகளில் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் போய்த் தஞ்சம் கேட்ட எங்கள் ஆட்களை அந்த அரசு மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பியது. அதில் நிறையப் பேர் இந்த மாநிலத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். 1989இல் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் தொடங்கிய காமாட்சி அம்பாள் கோயில், 2002 ஜூலையில் ஊரின் விளிம்பிலுள்ள ஊன்ட்ரொப் என்ற இடத்தில் 17 மீற்றர் இராசகோபுரத்தோடு குடமுழுக்குக் கண்டது. தேர் அன்று ஆயிரக்கணக்கில் சனம் வரும். ஒல்லாந்திலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் சுவிசிலிருந்தும் வருவார்கள். உன் சித்தப்பாவும் ஹம்பேர்க்காரியும் எப்படியும் அன்றைக்கு அங்கே நிற்பார்கள். நீ ஒருத்தி ஊர் ஊராகப் போவதற்குப் பதிலாக அவர்கள் காரில் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

தேர் வழக்கமாக மே, ஜூன் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திகதி வருடத்துக்கு வருடம் மாறும். விமான ரிக்கெட்டுக்கு முன்பு, லீவுக்கு எழுதிக் கொடுப்பதற்கும் முன்பு, மச்சாளைக்கொண்டு கோயிலில் கேட்டு அந்தத் திகதியை எடு. மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டியவை.

விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை பயணத்துக்குப் பதினைந்து நாள். அந்தக் கடைசி எல்லையை நம்பி இருக்காதே. வெயில் காலத்துக்கு எல்லாரும் ஒரேயடியாகக் கேட்பார்கள், நாள் கிடைப்பதே பாடு. பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறிலிருந்து பதினொரு வயதுவரை 45, அதற்குக் கீழே இலவசம். விசா கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்ததாக, நீ திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, செங்கன் நாடுகள் முழுவதுக்கும் எடு.

ஸ்பொன்சர் விஷயத்தில்தான் கனபேர் சறுக்குகிறார்கள். மச்சாள் ஒரு வெள்ளைத்தாளில் "இவ என்னோடை நிப்பா" என்று எழுதி அனுப்பினால் அது வெறும் அழைப்புக் கடிதம். செலவை ஏற்கிறேன் என்று அவ சட்டப்படி பொறுப்பெடுப்பதென்றால், தன் ஊரிலுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சம்பளத் துண்டுகளோடு நேரே போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். கட்டணம் 29 யூரோ. அந்த மூலப்பிரதி கொழும்புக்கு வந்து சேர வேண்டும், வாட்ஸ்அப் படம் எடுபடாது. அங்கேயும் நாள் கிடைக்கக் கிழமைக்கணக்கில் ஆகும். அதனால் இன்றைக்கே போன் போடு, தீபாவளிக்குக் கதைக்கலாம் என்று விடாதே.

நீ திரும்பி வருவாய் என்பதைக் காட்டுவதும் உன் பாடுதான். லீவுக் கடிதம், மூன்று மாத வங்கிக் கணக்கு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடக் கடிதம். விண்ணப்பத்துக்கு முதல் கிழமை திடீரென்று கணக்கில் பெரிய தொகை விழுந்தால் அது எங்கிருந்து வந்ததென்று கேட்பார்கள். யாரிடமாவது கைமாற்று வாங்கிப் போட்டுக் காட்டுவதை விட, உள்ளதைக் காட்டி ஸ்பொன்சரையும் வைப்பது நல்லது. இன்னொன்று, எந்த நாட்டில் அதிக நாள் நிற்கிறாயோ அந்த நாட்டு விசாவைத்தான் கேட்க வேண்டும். ஜேர்மன் விசா எடுத்துக்கொண்டு பாரிஸ் லா ஷப்பலில் அண்ணன் வீட்டில் ஐந்து நாள் நின்றுவிட்டு வருவது, அடுத்த முறை விசா கேட்கும்போது உன் தலையில்தான் விடியும். முன்பெல்லாம் விசா மறுத்தால் தூதரகத்துக்கே எதிர்மனு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இனி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பேர்லின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதனால் முதல் தடவையே ஒழுங்காகக் கொடு.

விமானத்துக்கு டுசில்டோர்ப்பைப் பார். டுபாய் வழியாகவோ டோகா வழியாகவோ போகலாம். பிராங்போர்ட் ரிக்கெட் கொஞ்சம் மலிவாக இருக்கும், ஆனால் அங்கிருந்து வரும் ரயில் காசையும் பிள்ளை படும் பாட்டையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு வேறு. 2025 ஒக்டோபரிலிருந்து எல்லையில் விரல் அடையாளமும் படமும் பதிகிற புது முறை தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே விரல் அடையாளம் எடுக்கமாட்டார்கள், ஆனாலும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வைத்துக்கொள்.

இனிப் பெட்டி. அம்மா கட்டாயம் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கட்டித் தருவா. எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. மரக்கறி, பழம், இலை எதற்கும் தாவர நோய் இல்லை என்கிற சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். வெற்றிலையும் அதில் அடக்கம். ஐந்து பழத்துக்கு மட்டும் விலக்கு: அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, துரியான். யார் துரியான் கொண்டுபோவார்கள் என்று கேட்காதே, சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. இறைச்சி, பால் வகை ஒன்றும் கூடாது. அதாவது மாமி உருக்கித் தரும் நெய்யும் கூடாது.

கருவாட்டுக்குத் தடையில்லை! மீன் வகை சொந்தப் பாவனைக்கென்றால் ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள். நெத்தலியும் மாசியும் தாராளமாகக் கொண்டு போ. ஒரே ஒரு விஷயம், பொலித்தீனில் சுற்றி, காற்றுப்போகாத டப்பாவில் போட்டு, அதையும் சுற்றி, பட்டுச்சேலை இல்லாத பெட்டியில் வை. வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை இவைதான் அங்கே உள்ளவர்களின் கண்ணைக் கலங்க வைக்கும் சாமான்கள். சொக்கிலேற் கொண்டுபோகாதே, அவர்களிடம் இல்லாத சொக்கிலேற் எங்களிடம் கிடையாது. பெட்டியிலுள்ள பரிசுப்பொருட்கள் எல்லாமாக 430 யூரோவைத் தாண்டினால் சுங்கத்தில் சொல்ல வேண்டும். செட்டியார் தெருவில் புதிதாக வாங்கிய சங்கிலியைப் "பரிசு" என்று கொண்டுபோகிற யோசனை இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள். உன் கழுத்தில் கிடக்கிறது வேறு கதை. ஆனாலும் தேர்ச் சனத்துக்குள் கவரிங் போதும் என்பது என் கட்சி.

டுசில்டோர்ப் விமான நிலையத்திலிருந்து தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகிற ஒரு குட்டி ரயில் விமான நிலையத்துக்கென்றே உள்ள ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும். பிள்ளைக்கு ஜேர்மனியில் அதுதான் முதல் சந்தோஷம். அங்கே ஆர்ஈ 1 அல்லது ஆர்ஈ 6 ஏறினால் மாறாமல் டோர்ட்முண்ட் வழியாக ஹம். ஆர்ஈ என்பது பிராந்தியத்துக்குள் ஓடுகிற ரயில், ஐசிஈ என்பது தூர வேக ரயில். இரண்டுக்கும் ரிக்கெட் வேறு. 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோவாகிய மாத ரிக்கெட் ஒன்று இருக்கிறது, நாடு முழுக்க பஸ், ட்ராம், ஆர்ஈ எல்லாவற்றுக்கும் செல்லும், ஐசிஈக்குச் செல்லாது. ஆனால் அது சந்தா. மாதம் 10ஆம் திகதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதக் காசும் போகும், அதுவும் மச்சாளின் கணக்கிலிருந்து. மாத நடுவில் போகிறாய் என்றால் ஒருநாள் ரிக்கெட்டே போதும். நிலையத்தில் வாசலும் இல்லை, தடுப்பும் இல்லை, யாரும் பார்க்கவில்லை என்று ஏறிவிடாதே. இடையில் வந்து கேட்பார்கள், ரிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ.

ஹம் நிலையத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. பேர்லினிலிருந்து வரும் ஐசிஈ பல நேரம் அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வூப்பெட்டால் பக்கமாகக் கோல்னுக்கு, மற்றப் பாதி எசன் பக்கமாக டுசில்டோர்ப்புக்கு. பேர்லினுக்கு ஒரு நாள் போய்வர ஆசைப்பட்டால், திரும்பும்போது கணவர் ஒரு பெட்டியிலும் நீ இன்னொரு பெட்டியிலும் இருந்துவிடாதீர்கள்.

கோயிலைச் சுற்றி நல்லூர் வீதி மாதிரி ஒன்றை எதிர்பார்க்காதே. அது கைத்தொழிற்பேட்டை. களஞ்சியசாலைகளும் லொறிகளும், அந்தப் பக்கம் பெரிய மின்நிலையம். அதற்கு நடுவே வண்ணம் தீட்டிய கோபுரம். நகர மையத்திலிருந்து தூரம், நடந்து போகிற இடமில்லை. தேர் அன்று தெருக்களை மூடுவார்கள் என்பதால் காரில் போகிறவர்கள் காலமை வெள்ளென வெளிக்கிட வேண்டும். காவடி, கற்பூரச் சட்டி, பிரதட்டை, தெருவோரம் கொத்துரொட்டிக் கடை, சேலைக் கடை, காப்புக் கடை. ஆடிவேலுக்கு காலி வீதியில் நின்று பழகிய உனக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை, வேலியோரம் கமராவோடு நிற்கும் ஜேர்மன்காரரைத் தவிர. தீர்த்தத்துக்கு அம்மனைப் பக்கத்திலுள்ள கால்வாய்க்குக் கொண்டுபோவார்கள். சரக்குக் கப்பல் ஓடுகிற கால்வாயில் தீர்த்தமாடுவதை நீ வேறெங்கும் பார்க்கமாட்டாய், அதற்கும் ஒரு நாள் ஒதுக்கு.

ஜூன் மாதம் என்று மெல்லிய சேலை மட்டும் கொண்டுபோகாதே. காலையில் பன்னிரண்டு பாகையும் மழையும், பின்னேரம் கொளுத்தும் வெயிலும் ஒரே நாளில் வரும். வெறுங்காலோடு குளிர்ந்த தார் வீதியில் நடக்க முடியாத பிள்ளைகளுக்குத் தடித்த காலுறை போட்டுவிடு. செருப்பை ஒரு பையில் போட்டுக் கையிலேயே வைத்திரு. இரவு பத்து மணி மட்டும் வெளிச்சம் இருக்கும். பிள்ளை நித்திரைக்குப் போகாது, அதற்கு ஒரு கறுப்புத் துணி கொண்டு போய் யன்னலில் கட்டு.

தேர் ஞாயிறு. ஜேர்மனியில் ஞாயிறு என்றால் சாமான் கடைகள் பூட்டு. பால், பாண், பம்பர்ஸ் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடு. மறந்தால் பெரிய ரயில் நிலையத்துக் கடைதான் கதி, விலையும் கூட. போத்தல் தண்ணீர் வாங்கும்போது காஸ் இல்லாததாகப் பார்த்து வாங்கு. ஒவ்வொரு பிளாஸ்டிக் போத்தலுக்கும் 25 சதம் வைப்புக் காசு, வெறும் போத்தலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். எங்கள் ஆட்கள் தேர் முடிய இதற்காகவே பை நிறையப் போத்தல் சேர்ப்பார்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், அதுதான் மிச்சம்.

கொட்டாஞ்சேனை மச்சாளும் வருகிறாவாம், அவவுக்கு அம்மன் தேரை விட மாதாவில்தான் விருப்பம் என்றாய். அப்படியென்றால் ஆகஸ்டையும் யோசித்துப் பார். ஒல்லாந்து எல்லைக்குக் கிட்ட கெவலார் என்றொரு சின்ன ஊர். டுசில்டோர்ப்பிலிருந்து ஆர்ஈ 10. 1642இலிருந்து மாதா யாத்திரைத் தலம். சிற்றாலயத்துக்குள் இருப்பது பெரிய சொரூபமில்லை, உள்ளங்கையளவு காகிதத்தில் அச்சடித்த ஒரு படம். மடுத் திருநாளை ஒட்டி ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை தமிழர் யாத்திரை நடக்கும். சைவக்காரரும் சேலை கட்டிக்கொண்டு போய் மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஹம் தேரையும் கெவலாரையும் ஒரே பயணத்தில் பிடிக்க முடியாது, இரண்டு பேரும் பேசி ஒன்றைத் தீர்மானியுங்கள். சண்டை வந்தால் எனக்குப் போன் எடுக்க வேண்டாம்.

ஊர் பார்க்க ஒரு நாள் போதும். கோல்னுக்குப் போ. ரயிலை விட்டு வெளியே வந்ததும் பேராலயம் முன்னால் நிற்கும், வழி கேட்க வேண்டிய வேலையே இல்லை. 1248இல் தொடங்கி 1880இல் முடித்த வேலை, 157 மீற்றர் உயரம். கோபுரத்தில் ஏற 533 படி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறாதே. ஹம்மிலேயே அரை நாள் மிஞ்சினால் மக்சிமிலியான் பூங்கா. பழைய நிலக்கரிச் சுரங்கத்துக் கட்டடமொன்றை 1984இல் கண்ணாடி யானையாக மாற்றியிருக்கிறார்கள், 35 மீற்றர் உயரம். மாமிக்கு அதைப் பிள்ளையார் என்று சொல்லிப் படம் அனுப்பு, கும்பிடுவா.

கடைசியாகக் கடைக் கணக்கு. ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேல் சாமான் வாங்கினால் வரி திருப்பும் படிவம் கேள், வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்குத் தருவார்கள். திரும்பும் நாளில் அந்தப் படிவத்தில் சுங்கத்தாரின் முத்திரை வேண்டும். சாமானையும் காட்டச் சொல்வார்கள். அதனால் பெட்டியை விமானக் கம்பனிக்காரரிடம் ஒரேயடியாகத் தள்ளிவிடாதே, சாமானைப் பெட்டியின் மேல்பக்கத்தில் வைத்து, சுங்கத்துக்குப் போகவேண்டுமென்று அவர்களிடமே முதலில் சொல். அதற்கென்று ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடு.