மூச்சுக்கு மணி அடிப்பது யார்?

இதை வாசிக்கும்போது நீங்கள் நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறீர்கள். ஒரு நாள் கணக்குப் போட்டால் சுமார் 20,000. தூங்கினாலும் நிற்பதில்லை. யார் இதை ஓட்டுவது?

இதயத்துக்குச் சொந்தமாக ஒரு பேஸ்மேக்கர் உண்டு. நரம்பை அறுத்தாலும் அதுபாட்டுக்குத் துடிக்கும். நுரையீரலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உதரவிதானத் தசை கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே வரும். அதற்கு உத்தரவு மூளையிலிருந்து கழுத்து வழியாக வந்தாக வேண்டும். கழுத்தின் மேல்பகுதியில் தண்டுவடம் அறுந்தால், இதயம் துடிக்கும்போதே மூச்சு நிற்பது இதனால்தான்.

உத்தரவு பிறக்கும் இடம் முகுளம். 1991-ல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் குழுவினர் எலிக்குட்டியின் முகுளத்தை மெல்லிய துண்டாக நறுக்கி, கரைசலில் உயிரோடு வைத்தார்கள். உடம்பு இல்லை, நுரையீரல் இல்லை. ஆனாலும் நாக்குக்குப் போகும் நரம்பின் வேரில் மூச்சுத் தாளம் வந்துகொண்டே இருந்தது! அந்தத் தாளத்தைப் போடும் சிறு நரம்புக்கூட்டத்துக்கு 'பிரீ-பெட்சிங்கர்' என்று பெயர். (பக்கத்துப் பகுதிக்கு ஒரு ஜெர்மன் ஒயினின் பெயர். அதை ஒட்டித்தான் இதற்கும் பேர். பேர் வைக்க வேறு எதுவும் கிடைக்கவில்லை போலும்!)

எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் உடனே "555 டைமர் மாதிரியா?" என்பார்கள். பாதி சரி. இங்கே ஒரே ஒரு ஐ.சி. கிடையாது. ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றையொன்று தூண்டி, சேர்ந்து பொங்கி, அடங்கி, மறுபடி எழுகின்றன.

வேகத்தைக் கூட்டிக் குறைப்பது எது? பிராணவாயு என்றுதான் பலரும் சொல்வார்கள். இல்லை, பெரும்பாலும் ரத்தத்திலுள்ள கரியமில வாயு. பிராணவாயு ரொம்ப இறங்கினால்தான் கழுத்து ரத்தக்குழாய் அருகிலுள்ள உணர்விகள் பலமாகக் கத்தும்.

கிணற்றில் தம் கட்டிப் பந்தயம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முங்குமுன் சிலர் வேகவேகமாக இருபது தடவை மூச்சு இழுத்து விடுவார்கள். பிராணவாயு சேருமாம்! ரத்தத்தில் அது ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. வெளியே போவது கரியமில வாயுதான். அதனால் தண்ணிக்குள்ளே 'மூச்சு முட்டுது, மேலே வா' என்ற உந்துதல் தாமதமாகிறது. அதற்குள் பிராணவாயு தீர்ந்து, முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பும். அப்புறம் முகுளம் தன் வேலையைச் செய்யும்: மூச்சை இழுக்கும். உள்ளே போவது தண்ணீர்.

நன்றாக நீச்சல் தெரிந்தவன்தான் இப்படி மாட்டுவான். தெரியாதவன் அவ்வளவு நேரம் உள்ளே இருக்கமாட்டான். அசையாமல் கிடப்பவனை "தம் கட்டுறான்டா" என்று வேடிக்கை பார்க்காமல் உடனே மேலே கொண்டுவாருங்கள். பிராணவாயு கிடைக்காவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை செல்கள் சாக ஆரம்பித்துவிடும்.