இறுகிப்போன மேனிஃபோல்டு போல்ட்டுகள்: லாரித் தொழிலில் உள்ள நம்மவர்க்கு ஒரு பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை என்று ஊர்கள் வரிசையாக வரும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லை பிரிந்தாலும் லாரிப் பட்டறைகளில் இரு மொழியும் கலந்தே ஒலிக்கும். இப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஒரு பழைய லாரிதான் சோறு போடுகிறது. அந்த லாரி இரண்டு நாள் பட்டறையில் கிடந்தால் அந்த மாதத் தவணை தவறும். ஆகவே, ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு பழகிய அனுபவத்தைக் கொண்டு, அடிக்கடி தொல்லை தரும் ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

நோயின் அறிகுறி

காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று ஓர் ஒலி கேட்கும். எஞ்சின் சூடேறியதும் அது குறைந்துவிடும். மேனிஃபோல்டு கேஸ்கட் ஓரத்தில் கரி படிந்திருக்கும். சிலிண்டர்களிலிருந்து புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் முறிந்தாலோ தளர்ந்தாலோ புகை கசியும். அது காபினுக்குள் வந்தால் ஓட்டுநருக்கே கேடு. டீசல் புகை புற்றுநோய் தரவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. 'சத்தம்தானே' என்று விட்டுவிடக் கூடாது.

ஓர ஸ்டட் ஏன் முதலில் முறிகிறது?

தண்டவாளத்தின் இணைப்பில் இடைவெளி விட்டிருப்பதை அனைவரும் பார்த்திருப்பீர்கள். 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 4.7 மி.மீ. நீளும். மேனிஃபோல்டுக்கும் இதே கணக்குதான். டாட்டா 697 போன்ற ஆறு சிலிண்டர் எஞ்சினின் மேனிஃபோல்டு 700 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். அது 400 டிகிரி சூடேறினால் சுமார் 3 மி.மீ. நீளும். தண்ணீரால் குளிரும் ஹெட் 70 டிகிரிதான் கூடுதலாகச் சூடேறும். அது அரை மி.மீ. அளவே நீளும். மீதி இரண்டரை மி.மீ. இருபுறமும் பங்கிடப்பட்டு, கடைசி ஸ்டட்டுகள் ஒவ்வொன்றையும் ஒன்றேகால் மி.மீ. பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். நடு ஸ்டட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இதற்காகவே மேனிஃபோல்டின் துளைகள் ஸ்டட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியில் கரியும் துருவும் அடைத்துக்கொண்டால் மேனிஃபோல்டு நகர வழியின்றி ஸ்டட்டை முறிக்கும்.

இறுகுவதற்குக் காரணம் துரு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். மரையின் சிறு இடைவெளிக்குள் அது ஆப்பு அடித்தது போல் நிற்கும். ஆண்டில் இரண்டு பருவமழை, பூவாறு பக்கத்திலிருந்து வரும் உப்புக் காற்று, நாள்தோறும் சூடாகிக் குளிரும் இரும்பு ஆகியவை சேர்ந்தால் துருவுக்குக் கேட்க வேண்டுமா?

கழற்றும் முறை

எதை இழக்கலாம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நட் போனால் சில ரூபாய். ஸ்டட் முறிந்தால் ஒரு நாள். ஹெட்டின் மரை கெட்டால் ஹெட்டையே இறக்க வேண்டும். ஆகையால் நட்டை வெட்டியாவது ஸ்டட்டைக் காப்பாற்றுங்கள். ஸ்டட்டை இழந்தாவது ஹெட்டைக் காப்பாற்றுங்கள்.

1. முதல் நாளே கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊற விடவும்.

2. ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனரையே பயன்படுத்தவும். பன்னிரண்டு முனை ஸ்பேனர் துருப்பிடித்த நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும்.

3. ஸ்டட்டின் முனையில் பித்தளைக் கட்டையை வைத்துச் சுத்தியலால் சில தட்டுகள் தட்டவும். முதலில் இறுக்கும் திசையில் சிறிது அசைத்து, பிறகு தளர்த்தவும். கால் சுற்று வந்ததும் திரும்ப உள்ளே விட்டு, மீண்டும் வெளியே எடுக்கவும். ஓரங்களிலிருந்து தொடங்கி நடுவுக்கு வரவும்.

4. அசையாவிட்டால் கேஸ் வெல்டிங் சுவாலையால் நட்டை மட்டும் மங்கிய சிவப்பு வரும் வரை விரைவாகச் சூடாக்கவும். 10 மி.மீ. துளை 500 டிகிரி சூட்டில் 0.06 மி.மீ. விரியும். பார்வைக்குச் சிறிதானாலும் துருவின் பிடியை உடைக்க இது போதும். சற்று ஆறியதும் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். சூடாக்கும் முன் ஊற வைத்த எண்ணெயைத் துடைத்துவிடவும். டீசல் குழாய்களைத் தகரத்தால் மறைத்து, மணல் வாளியை அருகில் வைக்கவும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் தீ காட்டவே கூடாது. நச்சு வாயு உண்டாகும்.

5. அதற்கும் வராத நட்டை உளியால் பிளந்து எடுக்கவும்.

ஸ்டட் முறிந்துவிட்டால்

"அண்ணாச்சி, இது வராது, ஒரேயடியா டிரில் போட்டிரலாம்" என்று பட்டறைப் பையன் அவசரப்படுவான். முனை சிறிது வெளியே தெரிந்தால் அதன்மேல் புது நட் ஒன்றை வைத்து, உள்ளே நிரப்பி வெல்டிங் செய்யவும். சிவப்பு மறைந்ததும் மெல்லத் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும்; வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்ற மறக்க வேண்டாம்.

மட்டத்தோடு முறிந்திருந்தால் முனையை அரத்தால் சமமாக்கி, சரியான நடுவில் பஞ்ச் அடிக்கவும். லேத்தில் கடைந்த ஒரு புஷ்ஷை வழிகாட்டியாக வைத்து, 3 மி.மீ. தொடங்கிப் படிப்படியாக டிரில் செய்யவும். ஒன்றரை மி.மீ. மரை இடைவெளி உள்ள 10 மி.மீ. ஸ்டட்டுக்கு 8.5 மி.மீ. வரைதான் போகலாம். பிறகு டேப் விட்டு மீதி மரையை எடுக்கவும். பழைய வண்டிகள் சிலவற்றில் அங்குல மரை இருக்கும்; அளந்து பார்த்தே டேப் எடுக்கவும். 'ஈஸி அவுட்' கடினமான உருக்கு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. இறுகிய ஸ்டட்டில் அதை வைத்துப் பலம் காட்ட வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது

துளைகளில் உள்ள கரியை முழுவதும் சுரண்டி எடுக்கவும். இதை விட்டால் புது ஸ்டட்டும் முறியும். மேனிஃபோல்டின் முகத்தில் நேர்ப்பட்டை வைத்து வளைவு இருக்கிறதா என்று பார்க்கவும். வளைந்திருந்தால் மெஷினில் சமப்படுத்தவும். புது ஸ்டட், புது கேஸ்கட், கிடைத்தால் பித்தளை நட் போடவும். மரையில் செம்புப் பொடி கலந்த ஆன்டி-சீஸ் பசையைத் தடவவும். சாதாரண கிரீஸ் கருகிவிடும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி, கம்பெனி கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு மூன்று தவணையாக இறுக்கவும். ஒரு நாள் ஓடி, எஞ்சின் குளிர்ந்த பிறகு மறுபடியும் இறுக்கம் பார்க்கவும்.

முறிந்த ஸ்டட்டுகளைத் தூர எறியாமல் எந்த இடத்தில் முறிந்தவை என்று குறித்து வையுங்கள். ஒரே இடத்தில் மறுபடியும் முறிந்தால் குற்றம் ஸ்டட்டில் இல்லை. துளையிலோ மேனிஃபோல்டின் வளைவிலோ இருக்கிறது என்று அறியலாம்.