அச்சத்திற்கும் அளவுண்டு: எச்.ஐ.வி. தொற்றைப் பற்றிய ஐயம்

எச்.ஐ.வி. பரிசோதனை நிலையங்களை நாடி வருவோருள் இரு வகையினரைக் காணலாம். தொற்றுக்கு இடமளிக்கும் உடலுறவு நிகழ்ந்த பின்னும், தமக்கொன்றும் நேராது என்று பல மாதங்கள் வாளாவிருந்து, காலங்கடந்து வருவோர் ஒரு வகையினர். தொற்றுக்கு ஏறக்குறைய இடமே இல்லாத நிகழ்ச்சிக்குப் பின், உணவும் உறக்கமும் இழந்து, பலமுறை பரிசோதனை செய்துகொண்டும் மனம் ஆறாதோர் மற்றொரு வகையினர். இவ்விரு சாராரிடமும் உள்ள குறை ஒன்றே. நிகழ்ச்சியின் தன்மைக்கேற்ப அச்சத்தை அளந்தறியும் முறையை அவர்கள் அறியார். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக, வெளியூர் சென்ற இடத்தில் ஒரு பெண்ணுடன் ஒருமுறை உறவு கொண்ட இளைஞர் ஒருவரைக் கருதலாம். அவர் ஆணுறை அணிந்திருந்தார். அது கிழியவுமில்லை, நழுவவுமில்லை. பத்து நாட்களுக்குப் பின் அவருக்குச் சிறு காய்ச்சலும் தொண்டை வலியும் கண்டன. அன்று தொடங்கிய அச்சம் அவரை விடவில்லை. இரண்டு மாதங்களில் நான்கு பரிசோதனைகள் செய்தாயிற்று. நான்கிலும் தொற்று இல்லை என்றே முடிவு வந்தது. ஆயினும் அவர் ஐந்தாவது பரிசோதனைக்கு நாள் குறிக்கிறார். இத்தகையோர் எண்ணிக்கையில் சிலரல்லர்.

அச்சம் பிறந்த காலம்

எய்ட்ஸ் நோய் முதன்முதலாக மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்தது 1981ஆம் ஆண்டிலாகும். அதற்குக் காரணமான வைரஸைப் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தார் 1983இல் கண்டறிந்தனர். இந்தியாவில் இத்தொற்று 1986இல், சென்னையில், மருத்துவர்கள் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் கண்டறியப்பட்டது. அந்நாளில் இந்நோய்க்கு மருந்தில்லை. தொற்றும் மரணமும் ஒன்றெனவே மக்கள் எண்ணினர். 1996ஆம் ஆண்டையொட்டிப் பல மருந்துகளை ஒருங்கே அளிக்கும் சிகிச்சை வழக்கத்திற்கு வந்த பின் நிலைமை அடியோடு மாறியது. இந்தியாவில் அரசாங்கம் 2004 முதல் இச்சிகிச்சையை இலவசமாக வழங்கி வருகிறது. உரிய காலத்தில் தொடங்கி ஒழுங்காக மருந்துண்போர் ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழ்கின்றனர். மருந்து வந்தது, ஆனால் மருந்தில்லாக் காலத்தில் பிறந்த அச்சம் மட்டும் முழுவதும் அகலவில்லை.

கிருமி புகும் வழி

ஒரு நிகழ்ச்சி தொற்றுக்கு இடமளிக்குமா என்பதை அறிய மூன்று வினாக்கள் போதுமானவை. முதலாவது, எந்த உடல் நீர் என்பது. இரத்தம், விந்து, விந்துக்கு முன் சுரக்கும் நீர், யோனி நீர், மலக்குடல் நீர், தாய்ப்பால் ஆகியவற்றிலேயே தொற்றுக்குப் போதிய அளவில் வைரஸ் உள்ளது. உமிழ்நீர், வியர்வை, கண்ணீர், சிறுநீர் ஆகியன இத்தொற்றைப் பரப்புவதில்லை. இரண்டாவது, எந்த வழியாக என்பது. மேற்கூறிய நீர்கள் யோனி, மலக்குடல், ஆண்குறியின் நுனி போன்ற மென்சவ்வுகளையோ திறந்த புண்ணையோ அடைதல் வேண்டும். அன்றி ஊசியின் மூலம் நேரே இரத்தத்திற் கலத்தல் வேண்டும். பழுதற்ற தோல் இவ்வைரஸுக்குக் கடக்கவொண்ணாத மதிலாகும். மூன்றாவது, இடையில் தடை இருந்ததா என்பது. இரப்பர் உறையை வைரஸ் ஊடுருவ இயலாது.

இம்மூன்று வினாக்களையும் கொண்டு நோக்கினால் பல ஐயங்கள் தாமே நீங்கும். தழுவுதல், தோலைத் தொடுதல், கையால் இன்பமளித்தல், முத்தமிடுதல், ஒரே கழிப்பறையையோ உண்கலத்தையோ பயன்படுத்துதல் ஆகியவற்றால் தொற்று ஏற்படுவதில்லை. ஈறுகளில் இரத்தம் கசியும் புண்கள் இருவருக்கும் இருக்கையில் ஆழ்ந்து முத்தமிடுதல் மட்டும் மிக அரிதான விதிவிலக்காகும். வாய்வழிப் புணர்ச்சியில் ஆபத்து மிகமிகக் குறைவு; எனினும் அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை.

கணக்கு கூறுவது

தொற்றுடைய, ஆனால் சிகிச்சை பெறாத ஒருவருடன் உறையின்றி ஒருமுறை உறவு கொள்வதால் தொற்று ஏற்படும் வாய்ப்பை ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். யோனிப் புணர்ச்சியில் ஆணுக்கு இது பத்தாயிரத்தில் 4. பெண்ணுக்குப் பத்தாயிரத்தில் 8. குதப் புணர்ச்சியில் ஏற்பவருக்குப் பத்தாயிரத்தில் 138, செலுத்துபவருக்கு 11. ஒரே ஊசியைப் பகிர்ந்து போதை மருந்து ஏற்றிக்கொள்வதில் 63. பால்வினை நோய்ப் புண்கள் இருப்பின் இவ்வெண்கள் உயரும்.

இந்தியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவரே இத்தொற்றுடையவர். எனவே, தொற்று நிலை அறியப்படாத ஒரு பெண்ணுடன் ஓர் ஆண் உறையின்றி ஒருமுறை உறவு கொண்டால், 500ஐயும் 2,500ஐயும் பெருக்க, சராசரியாகப் பன்னிரண்டரை லட்சத்தில் ஒன்று என்பது விடையாகும். தொற்று மிகுந்து காணப்படும் பிரிவினரிடையே இக்கணக்குப் பொருந்தாது. அங்கே வாய்ப்புப் பன்மடங்கு கூடும். ஆகவே உறையற்ற உறவை அலட்சியம் செய்தல் தகாது. ஆனால் மேற்கண்ட இளைஞரோ உறை அணிந்திருந்தார். அவருடைய நிலையில் அஞ்சத்தக்க அளவு எதுவும் எஞ்சவில்லை.

மேலும், ஒழுங்காக மருந்துண்டு, இரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய இயலாத நிலையை அடைந்து, அந்நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்றுப் பரவுவதில்லை. ஐரோப்பாவில் இணையர் பலரைத் தொடர்ந்து கண்காணித்து, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிடப்பெற்ற ஆய்வுகள் இதனை நிலைநாட்டியுள்ளன.

உடற்குறிகள் சான்றாகா

தொற்று ஏற்பட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தோற்தடிப்பு, நெறிக்கட்டு முதலியன தோன்றுவதுண்டு. சிலருக்கு எக்குறியும் தோன்றாமலும் போகும். இதே குறிகள் சாதாரணச் சளிக்காய்ச்சலிலும் தோன்றும். அன்றியும், அச்சமே உடலில் குறிகளை உண்டாக்கவல்லது. உறக்கம் கெடுதல், வியர்த்தல், வயிற்றுப்போக்கு, பசியின்மை, அதனால் உடல் இளைத்தல் ஆகிய யாவும் கவலையின் விளைவுகளாகலாம். அஞ்சியவர் அவற்றை நோயின் குறிகளென்று கொண்டு மேலும் அஞ்சுகிறார். ஆகவே உடற்குறிகளைக் கொண்டு தொற்று உண்டென்றோ இல்லையென்றோ துணிதல் இயலாது. பரிசோதனை ஒன்றே சான்றாகும்.

பரிசோதனைக்குரிய நாள்

வைரஸ் உடலிற் புகுந்தவுடன் பரிசோதனையில் புலப்படாது. முதலில் வைரஸின் புரதமும், பின்னர் அதனை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளும் இரத்தத்தில் தோன்றுகின்றன. இவ்விரண்டையும் ஒருங்கே நாடும் ஆய்வுக்கூடப் பரிசோதனை 45 நாட்களிலும், எதிர்ப்பொருளை மட்டும் நாடும் விரைவுப் பரிசோதனை 90 நாட்களிலும் உறுதியான விடை தரும். நிகழ்ச்சிக்கு மறுநாளே செய்யும் பரிசோதனை அதற்கு முந்திய காலத்தின் நிலையையே கூறும். உரிய நாளில் தொற்று இல்லை என வந்த விடை அந்நிகழ்ச்சியைப் பொறுத்தவரை இறுதியானது. திரும்பத் திரும்பச் சோதிப்பதால் அது மேலும் உறுதி பெறுவதில்லை. முதற்சோதனையில் தொற்று இருப்பதுபோல் தோன்றினும், வெவ்வேறு முறைகளில் மீண்டும் சோதித்த பின்னரே முடிவு கூறப்படும்.

முதல் 72 மணி நேரம்

ஆணுறை கிழிந்திருந்தாலோ, உறையின்றி உறவு நிகழ்ந்திருந்தாலோ, வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ செய்யத்தக்கது வேறு. அப்பொழுது காத்திருத்தல் பெருந்தவறாகும். உடனே அரசு மருத்துவமனையை நாடல் வேண்டும். மருத்துவர் தேவையெனக் கருதினால் 28 நாட்களுக்குத் தடுப்பு மருந்து அளிப்பார். இம்மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்குதல் வேண்டும். எவ்வளவு விரைவில் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு நன்மை உண்டு. மருந்துண்டவர் பரிசோதனைக்குரிய நாட்களை மருத்துவரிடமே கேட்டறிதல் நலம். எச்.ஐ.வி. தொற்றுக்கு இடமில்லாத உறவிலும் மேகப்புண், அக்கி போன்ற வேறு பால்வினை நோய்கள் பரவக்கூடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அச்சமே நோயாகும்பொழுது

உரிய நாளில் விடை கிடைத்த பின்னும் மனம் அமைதியுறாவிடில், சிகிச்சை வேண்டுவது மனத்துக்கே. ஒவ்வொரு பரிசோதனையும் சில நாட்களுக்கு ஆறுதல் தருகிறது. பின்னர், "இரத்தக் குப்பிகள் மாறியிருந்தால்?" என்ற புதிய ஐயம் எழுகிறது. ஆறுதலைத் தேடும் பழக்கமே ஐயத்தை வளர்க்கிறது. பல வேளைகளில் இவ்வச்சத்தின் அடியில் கிடப்பது வைரஸன்று. செய்ததைப் பற்றிய நாணமும் குற்ற உணர்வுமே ஆகும். அவற்றை எந்த இரத்தப் பரிசோதனையும் தீர்த்து வைக்காது. நம்பிக்கைக்குரிய ஆலோசகரிடம் மனந்திறந்து பேசுதலே அதற்கு வழி.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் 1097 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். மனக்கலக்கம் நீடித்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். 2018 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரது இசைவின்றிப் பரிசோதனை செய்வதையும், அவரது தொற்று நிலையைப் பிறருக்கு வெளியிடுவதையும் பொதுவாகத் தடுக்கிறது. ஆகையால் இரகசியம் வெளிப்படும் என்று அஞ்சி ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை.

அவ்விளைஞருக்கு வேண்டியது ஐந்தாவது பரிசோதனையன்று. உறை பழுதின்றி இருந்தது. உரிய நாளில் விடையும் கிடைத்துவிட்டது. அவ்விடையை ஏற்றுக்கொண்டு, எஞ்சிய கலக்கத்தை ஓர் ஆலோசகரிடம் கூறுவதே அவர் செய்யத்தக்கது. இன்றிரவு உறை கிழிந்த மற்றொருவருக்கோ நாளைக் காலையே மருத்துவமனை செல்லுதல் இன்றியமையாதது. இவ்வேறுபாட்டை அறிந்தவர் வீணே அஞ்சவும் மாட்டார். அஞ்ச வேண்டிய நேரத்தில் வாளாவிருக்கவும் மாட்டார்.