சந்தைப்படுத்தல் துறையும் பட்டம் பெறாத இளைஞரும்

க. பொ. த. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்துவோர் யாவர்க்கும் பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்பது எம்மவர் நன்கறிந்ததே. தகுதி பெற்றவருட் பெரும்பாலார் ஆண்டுதோறும் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். அங்ஙனம் நின்றவனை வாழ்விலே தோற்றவனாகக் கருதும் வழக்கம் எம் இல்லங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. வைத்தியம், பொறியியல் போன்ற தொழில்களுக்குப் பட்டம் இன்றியமையாதது. ஆயின், பட்டமின்றியும் புகத்தக்க துறைகள் உள. அவற்றுள் ஒன்றாகிய சந்தைப்படுத்தலை ஈண்டு ஆராய்வாம்.

சந்தைப்படுத்தலும் விற்பனையும் ஒன்றென்பர் பலர். அது பொருந்தாது. உள்ள பொருளை ஒருவர் வாங்குமாறு செய்தல் விற்பனை. வாங்குவோர் யாவர், அவர்க்கு வேண்டுவது யாது, எவ்வளவு கொடுக்க வல்லர், எங்கே வாங்குவர், எச்சொல்லை நம்புவர் என்பனவற்றை ஆராய்ந்து, அவற்றுக்கேற்பப் பொருளையும் விலையையும் விற்கும் இடத்தையும் விளம்பரத்தையும் அமைத்தல் சந்தைப்படுத்தல். விற்பனை அதன் ஒரு கூறேயாம். இவ்வறிவிற் பாதி நூலில் உளது. மறுபாதி கடைவாயிலில் உளது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டேவிட் ஓகில்வி என்பாரின் வரலாறு. 1911 இற் பிறந்த இவர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தை 1931 இற் பட்டம் பெறாமலே விட்டு நீங்கினார். பாரிஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தார். பின்னர் ஸ்கொட்லாந்தில் வீடுவீடாகச் சென்று ஆகா என்னும் அடுப்பை விற்றார். அவர்தம் திறமையைக் கண்ட நிறுவனத்தார், ஏனைய விற்பனையாளர்க்கென ஒரு கைந்நூல் எழுதுமாறு பணித்தனர். 1935 இல் அதனை எழுதினார். வாங்குவோரை அணுகும் முறையும், அவர் கூறும் தடைகளுக்கு இறுக்கவேண்டிய விடையும் அதிற் கூறப்பட்டன. அந்நூலே இலண்டன் விளம்பர நிறுவனமொன்றில் அவர்க்கு இடம் பெற்றுத் தந்தது. 1938 இல் அமெரிக்கா சென்று, கலப் என்பாரிடம் மக்கள் கருத்தை அளந்தறியும் முறையைப் பயின்றார். 1948 இல் நியூயோர்க்கில் அவர் நிறுவிய விளம்பர நிறுவனம் பின்னர் உலகப் புகழ் எய்தியது.

இவ்வரலாற்றில் நாம் கற்கத்தக்கன மூன்று. வாங்குவோரை நேரிற் கண்டு பழகினமை ஒன்று. பழகிக் கண்டதை எழுத்தில் வைத்தமை மற்றொன்று. ஊகத்தை விடுத்து அளந்தறியப் பயின்றமை மூன்றாவது. பட்டமில்லாதவன் தன் தகுதிக்குச் சான்றினைத் தானே ஆக்கிக்கொள்ளல் வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

அச்சான்றினை எம்மூரிலேயே ஆக்கலாம். கறித்தூள் இடித்து விற்கும் குடும்பமொன்றை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வந்து திரும்புவோர், பயணப்பெட்டியில் வைக்கத்தக்க, நன்கு மூடிய பெரிய பொதியை நாடுவர். வாடகை அறையில் தனித்துச் சமைக்கும் உத்தியோகத்தர்க்குச் சிறு பொதியே போதும். இளைஞன் ஒருவன் மூன்று மாதம் அக்குடும்பத்துக்கு உதவட்டும். யார், எப்பொழுது, எவ்வளவு வாங்கினர் என நாள்தோறும் குறிக்கட்டும். பொதியின் அளவையோ முகநூல் விளம்பரத்தின் வாசகத்தையோ ஒருமுறைக்கு ஒன்றாக மாற்றி, விற்பனை கூடியதா குறைந்ததா எனக் கணக்கிடட்டும். ஒருங்கே பலவற்றை மாற்றின் எதனால் விளைந்த பயன் என்பது புலப்படாது. இம்முயற்சியையும் அதன் பயனையும் இரண்டு பக்கத்தில் எழுதுவானாயின், நேர்முகப் பரீட்சையில் அவன் காட்டத்தக்க சான்று அதுவேயாம். பயன் குறைவாயினும் உள்ளவாறே எழுதுக. காரணம் ஆராய்ந்தவனையே நிறுவனங்கள் நாடும்.

இதனோடு முறையான கல்வியும் வேண்டும். 1970 இல் நிறுவப்பெற்ற இலங்கைச் சந்தைப்படுத்தல் நிறுவகம் தொழில்சார் பாடநெறிகளை நடாத்துகின்றது. 1989 இல் அரச பட்டயம் பெற்ற பிரித்தானியப் பட்டயச் சந்தைப்படுத்தல் நிறுவகத்தின் அடிப்படைப் பாடநெறிக்குப் பட்டமோ முன்னநுபவமோ வேண்டுவதில்லை. பகலில் விற்பனைப் பிரதிநிதியாக உழைத்து, மாலையிற் பயின்று, படிப்படியாக உயர்தல் கூடும். சில நிறுவனங்கள் முகாமைப் பதவிகளுக்குப் பட்டதாரிகளையே வேண்டுகின்றன என்பதையும் மறைத்தலாகாது. ஆதலின் பட்டத்தை இகழவேண்டா. வாய்ப்பு வந்துழிப் பின்னரும் பெறலாம்.

இறுதியாக, பழைய மாணவராகிய எமக்கு ஒரு சொல். ஓகில்வியின் கைந்நூல் இலண்டன் நிறுவனத்தாரின் பார்வைக்குத் தானாகச் சென்றதன்று. அங்கே பணியாற்றிய அவர் தமையனார் பிரான்சிஸ் என்பவர்வழியே சென்றது. திறமை அவருடையது, கதவைத் திறந்த கை தமையனுடையது. எம் கல்லூரி மாணவர் பலர்க்கு அத்தகைய தமையன் இல்லை. கொழும்பிலும் பிறநாடுகளிலும் வணிகத்துறையில் உயர்நிலை எய்திய எம்மவர், ஆண்டுக்கு ஒரு மாணவனின் இரண்டு பக்கத்தையேனும் வாசித்து, தகுதி கண்டவிடத்து உரியவரிடம் சேர்ப்பாராயின், அதுவே கல்லூரித் தாய்க்கு இவ்விழாக்காலத்தில் நாம் செலுத்தத்தக்க காணிக்கையாகும்.