சென்சார் பொய் சொல்லவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. அப்பாவின் 2007 மாடல் வண்டியைப் பற்றி நேற்று போனில் சொன்னாயே, ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. மழை பெய்த மறுநாள் காலையில் மிஸ்ஸிங் அடிக்கிறது, பாலம் ஏறும்போது குலுக்குகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது, செக் இன்ஜின் விளக்கு அணையவே இல்லை. ஸ்கேனர் போட்டுப் பார்த்த கடையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லிவிட்டார்கள். நீ ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிற பெண். பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் அந்தச் சென்சார் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்.

சைலன்சர் குழாயில், கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால், பிளக் மாதிரி திருகியிருக்கும். உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறு பக்கம் புகை. இரண்டுக்கும் ஆக்சிஜன் அளவில் வித்தியாசம் இருந்தால் அந்தப் பீங்கான் சிறு மின்னழுத்தம் தரும். ஏறக்குறைய 300 டிகிரி சூடேறினால்தான் வேலை செய்யும். அதற்காகத்தான் உள்ளே ஒரு ஹீட்டர். 1976இல் வோல்வோ கார்களில் பாஷ் நிறுவனம் இதை முதலில் பொருத்தியது. ஈயம் கலந்த பெட்ரோல் இதற்கு நஞ்சு. இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு அந்தப் பெட்ரோல் போனதால்தான் இங்கே இது பிழைத்துக் கிடக்கிறது.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் சென்சார் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். மிஞ்சாவிட்டால் 0.9 பக்கம் ஏறும். இன்ஜினின் கணினியான இசியூ அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

இங்கேதான் நீ நின்று யோசிக்க வேண்டும். சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. ஆக்சிஜனை மட்டுமே அளக்கிறது. நான்கு சிலிண்டரில் ஒன்றில் பொறி விழவில்லை என்று வை. அது இழுத்த காற்று எரியாமல் அப்படியே வெளியே வருகிறது. எரியாத பெட்ரோலும் கூடத்தான் வருகிறது. ஆனால் சென்சார் கண்ணுக்குப் படுவது ஆக்சிஜன்தான். 'ஆக்சிஜன் மிஞ்சுகிறது' என்கிறது. அது உண்மை. இசியூவோ பெட்ரோல் போதவில்லை என்று புரிந்துகொண்டு நான்கு சிலிண்டருக்கும் கூட்டி ஊற்றுகிறது. நன்றாக ஓடிய மூன்று பிளக்கும் கறுக்கிறது, மைலேஜ் விழுகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் கூட்ட முடியாமல் இசியூ விளக்கைப் போடுகிறது. உங்கள் வண்டி மாதிரி பழையவை பலவற்றில் மிஸ்ஸிங்கைத் தனியாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடே கிடையாது. வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓபிடி ஏற்பாடு நம் நாட்டுக் கார்களுக்குக் கட்டாயமானதே 2010 முதல்தான். ஆகவே குற்றம் எங்கே நடந்தாலும் பழி சென்சார் பெயரில் பதிவாகிறது.

நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீட்டைப் பார்த்து ஒருவருக்குச் சென்சார் மாற்றிக் கொடுத்தேன். எட்டாம் நாள் அதே விளக்கோடு வந்து நின்றார். கடைசியில் பார்த்தால் பிளக் வயர் ஒன்றில் மயிரிழை வெடிப்பு. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

எனவே முதலில் மிஸ்ஸிங், பிறகு சென்சார். வரிசையை மாற்றாதே.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடி. வண்டியை ஐடிலிங்கில் ஓடவிட்டு, இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உடனே மாட்டு. நல்ல சிலிண்டரைக் கழற்றினால் இன்ஜின் தடுமாறும். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். சிலர் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். நீ செய்யாதே. ஷாக் அடிக்கும், இக்னிஷன் காயில் கெட்டுப்போகும், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரியும்.

பிறகு இன்ஜின் ஆறியதும் பிளக்குகளைக் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு தாளில் அடுக்கு. இளம் பழுப்பு என்றால் ஆரோக்கியம். பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருந்தால் பொறி விழவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெளிப் பீங்கானில் பென்சில் கோடு போல் கறுப்புத் தடம் இருக்கிறதா என்றும் பார். பொறி அந்த வழியாக ஓடி பிளக்கின் உலோக உடம்பில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நீ சொன்ன அடையாளங்களை வைத்து எனக்குச் சந்தேகம் பிளக் வயர் மேல்தான். மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைப் பொறி தாண்டுவது கடினம். வெடிப்பு வழியே எளிதாக இறங்கிவிடும். ஈரம் அதற்கு இன்னும் வழிவிடும். இருட்டியதும் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது வயர்கள் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் பூவாகத் தண்ணீர் தெளி. நீலப் பொறி தாவுவது கண்ணுக்குத் தெரியும். அப்பா பக்கத்தில் நிற்கட்டும். கையை மட்டும் தூரத்தில் வை. அது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகிற இடம். எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. 1, 4 இரண்டு சிலிண்டரும் சேர்ந்து செத்தால், அல்லது 2, 3 சேர்ந்து செத்தால், வயரை விட்டுவிட்டுக் காயிலைப் பார். இந்த வகை வண்டிகள் பலவற்றில் அந்த ஜோடிகளுக்கு ஒரே காயில்.

பொறி சரியாக இருந்தால், காற்று. இன்டேக் ரப்பர் குழாய் வெடித்து ஏர் இழுத்தால் ஐடிலிங்கில் மிஸ் ஆகும், வேகம் கூடினால் சரியாகும். பம்பு, ஃபில்டர் கோளாறு என்றால் நேர் எதிர்: ஐடிலிங் நன்றாக இருக்கும், இழுக்கும்போது மூச்சு வாங்கும். எதுவும் அகப்படாவிட்டால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்து, அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். அந்த வேலைக்கு நான் வருகிறேன்.

இப்போது சென்சார். இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, 2,000 சுற்றில் இரண்டு நிமிடம் பிடி. டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துச் சிக்னல் வயரில் பின்பக்கமாகத் தொடு. நான்கு வயரில் எது சிக்னல் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வயரிங் படத்தைப் பார்த்துத் தொடு. அளவு 0.2க்கும் 0.8க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று தட்டினால் 0.9 பக்கம் எகிற வேண்டும். ஒரு வேக்வம் குழாயைக் கழற்றினால் 0.1க்கு விழ வேண்டும். இரண்டும் உடனே நடந்தால் சென்சார் நிரபராதி. நடுவில் 0.45இல் உறைந்து நின்றாலோ, ஆமை வேகத்தில் நகர்ந்தாலோ சந்தேகப்படு. சிக்னல் வயரில் மட்டும் ஓம் அளக்காதே, கெட்டுவிடும். ஹீட்டருக்கு ஓம் அளக்கலாம்: கனெக்டரைக் கழற்றி அளந்தால் சில ஓம் காட்ட வேண்டும், ஓப்பன் காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அதற்கும் முன்னால் ஃப்யூஸைப் பார்.

சென்சாருக்கு முன்னால் சைலன்சர் கேஸ்கட்டில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் அது 'ஆக்சிஜன் மிச்சம்' என்றுதான் சொல்லும். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைக்கிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலையும் கணக்கில் வை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது, அது எரிய 9 பங்கு காற்றே போதும். அதனால் பழைய வண்டியின் இசியூ சில சதவீதம் கூட்டி ஊற்றுவது கோளாறு ஆகாது.

உண்மையிலேயே சென்சார் செத்திருந்தால் மாற்றலாம், நான் தடுக்கமாட்டேன். ஆனால் எதனால் செத்தது என்று கேள். சாதாரண சிலிக்கான் சீலண்டின் ஆவியும், ஹெட் கேஸ்கட் வழியே கசியும் கூலண்டும் அதைக் கொல்லும். காரணத்தை விட்டுவைத்தால் புதியதும் போகும்.

கன்வர்ட்டர்தான் என் கவலை. மிஸ்ஸிங்கோடு நெடுந்தூரம் ஓட்டினால் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து, உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துவிடும். அதன் விலைக்கு முன்னால் சென்சார் விலை ஒன்றுமில்லை. சரியாகும்வரை வண்டியை ஊருக்கு எடுத்துப் போக வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். கன்வர்ட்டர் சூட்டில் தீப்பற்றலாம், அதனால் வைக்கோல், சருகு மேலும் நிறுத்தாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பிளக்கையும் கழற்றி, எண் எழுதி, வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை சென்சார் வாங்காதே.

அன்புடன்,
பெரியப்பா